சங்கு ஊதினால்தான் பாட்டு

மதிய ஷிப்ட் மாறும் நேரம். பஸ் நிறுத்தத்து வேப்பமர நிழலில் செங்குட்டுவன் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். மடியில், கிரீஸ் டப்பாவில் சைக்கிள் பிரேக் கம்பி கட்டி அவரே செய்த வில் வாத்தியம். சுரங்கத்துச் சங்கு ஊதும்போது அந்தச் சத்தத்துக்குக் கம்பியை முறுக்கி, சுருதி சேர்த்த பிறகுதான் வாசிப்பார். கிறுக்கு என்கிறார்கள். எனக்கு அவர்தான் ஹீரோ. இன்று சங்கு ஊதுகிற அதே நேரத்தில் பெட்ஷீட் விற்கும் ஆட்டோ ஒன்று ஸ்பீக்கரை அலறவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. அது போன பிறகும் முறுக்காணியில் அவர் விரல் அப்படியே இருக்கிறது. "சங்குதான் ஊதிடுச்சே, சும்மா வாசியேன்," என்கிறார் டீக்கடை பிரபாவதி அக்கா. "சுருதி காதுல வுழலியேக்கா. நாளைக்குப் பாத்துக்கலாம்." வாத்தியத்தைத் துண்டில் சுற்றுகிறார். நாளையிலிருந்து எனக்கு நைட் ஷிப்ட். ஒரு வாரம் இந்தப் பாட்டு கிடையாது. அந்தச் சங்கைக் கேட்டே வளர்ந்தவன் நான். "அண்ணே, இப்படித்தானே ஊதும்?" என்று அவர் முன்னால் குந்தி, அடித்தொண்டையில் அந்தச் சத்தத்தைப் பிடித்து இழுக்கிறேன். பஸ்ஸுக்கு நிற்கிற அசீம், "பாருங்கய்யா, நம்ம ஷிப்டுக்குப் புதுச் சங்கு," என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குக் காது சுடுகிறது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு துண்டை விலக்குகிறார். "அப்பிடியே புடிச்சிக்கினு இருங்க தம்பி, வுட்டுடாதீங்க." கம்பி முனகுகிறது, ஏறுகிறது, என் குரலோடு வந்து ஒட்டிக்கொள்கிறது. அவர் வில்லை எடுக்கிறார். அப்போதுதான் வந்து நின்ற ஷிப்ட் பஸ்ஸின் டிரைவர், வெளியே எட்டிப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைக்கிறார்.