நமுத்த வேட்டு

“அந்த மெடலைக் குத்தாதீங்க.”

பெற்ற மகளே இப்படிச் சொன்னதும் ஒப்பாரி பாதியில் நின்றது.

பெஞ்சில் கிடத்தியிருந்த நாச்சிமுத்துவின் சட்டையில் ஊசியைச் செருகப்போன சுந்தரம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி. எந்தச் சாவு வீட்டிலும் முதல் ஆள்.

“ஏண்டி மூக்காயி, பஸ்ராச் சண்டைக்குப் போயி வாங்கியாந்த மெடலு. உங்கப்பன் சிங்கம்டி.”

“நேத்துவரைக்கும் அவருக்கு என்ன பேரு சின்னம்மா?”

சுந்தரம்மாள் மெடலை அவள் கையில் திணித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

‘நமுத்த வேட்டு.’ அதுதான் பேர். தெருவே கூடி வைத்தது. இன்று காலை மூச்சு நின்ற பிறகுதான் சிங்கம் ஆனார்.

பட்டாளத்தில் பாறை உடைக்கிற வேலை நாச்சிமுத்துக்கு. திரும்பி வந்து, கன்னிவாடிப் பக்கத்தில் முப்பத்தைந்து வருஷம் கிணறுகளுக்கு வேட்டு வைத்தார். பாறையில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரியைக் கொளுத்திவிட்டு மேலே வந்து பீடி பற்றவைப்பார். பீடி முடிவதற்குள் பாறை பிளந்திருக்கும். ஒரு தடவை தப்பியது கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஐம்பத்தேழாம் வருஷம், ஊர்ப் பண்ணையார் உடையப்பன் கிணற்றில் தப்பியது. அதுவும் இரண்டு தடவை. திரி புகைந்தது, அவ்வளவுதான். “மருந்து நமுத்துப்போச்சு” என்று கையை விரித்தார்.

அதற்கப்புறம் எவனும் அவரைக் கூப்பிடவில்லை. மூக்காயிக்குப் பேசி வைத்திருந்த ரெட்டியார்சத்திரத்து மாப்பிள்ளை வீட்டார், கைராசி போன வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். அவள் பூப்பறிக்கப் போய் அப்பனுக்குக் கஞ்சி ஊற்றினாள். அவரோ கஞ்சியைக் குடித்துவிட்டு, என்ன கேட்டாலும் பதில் சொல்லாமல் கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இந்த லட்சணத்தில் மெடல் ஒன்றுதான் குறைச்சல்.

வாசலில் வில்வண்டி நின்றது. உடையப்பன் சம்பங்கி மாலையோடு இறங்கினார். பஞ்சாயத்துத் தேர்தல் வருகிறது. இல்லாவிட்டால் இந்தத் தெருவில் அவர் கால் படாது.

மாலையைப் போட்டுவிட்டு, “தொழில்ல சூரன்,” என்றார்.

“எந்தத் தொழில்லங்கய்யா?” என்றாள் மூக்காயி. “அன்னிக்கு உங்க கெணத்து மேட்டுல நின்னு எங்கப்பாவ என்னென்ன பேசுனீங்கன்னு நானும் கேட்டேன். இப்ப எல்லாரும் இருக்காக. நெசத்தச் சொல்லுங்க. வேலை தெரிஞ்ச மனுசனா, ஏமாத்துனவரா? தெரிஞ்சவருன்னு சொன்னா மெடலைக் குத்துறேன்.”

உடையப்பன் முகத்திலிருந்து துக்கம் சட்டென்று இறங்கிவிட்டது. தேர்தலையும் மறந்துவிட்டார்.

“நீயே கேக்குறதால சொல்றேன். ரெண்டு தரமும் புது மருந்து வாங்கிக் குடுத்தேன். ரெண்டு தரமும் புஸ்ஸு. கடைசியில, அது காஞ்ச பாறை, தண்ணியே கெடையாதுன்னுட்டு மண்வெட்டியத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாரு இந்தாளு.”

கூட்டத்தில் நின்ற சோலைமுத்து பக்கம் திரும்பினார். இருபது வருஷம் நாச்சிமுத்துவோடு கிணற்றில் இறங்கிக் குழி போட்டவர் சோலைமுத்து.

“நீதானப்பா கூட இருந்த. வர்ற வாரம் நத்தத்துல இருந்து ஆளக் கூட்டியாந்து அதே மேக்குப் பாறைய உடைக்கலாம்னு இருக்கேன். தண்ணி வருமா?”

சோலைமுத்து தோள் துண்டை இடுப்புக்கு இறக்கினார்.

“வராதுங்கய்யா. இந்தாளு வாயில வந்த ஒரே நெசம் அதுதான். உளிய வச்சா வெறும் தூசிதான் பறக்கும். மத்தபடி மருந்து கெட்டிக்கக்கூடத் தெரியாத மனுசன். பட்டாளத்துல சோறாக்கத்தான் வச்சிருந்திருப்பாக.”

சாவு வீட்டில் நாலைந்து பேர் சிரித்தார்கள். உடையப்பனும் சிரித்தார்.

“அப்ப விட்டுரலாங்கிற?”

“விட்டுருங்கய்யா. வெட்டி வேலை.”

வில்வண்டி கிளம்பியது. மூக்காயி கையிலிருந்த மெடலை சோலைமுத்து நெஞ்சைப் பார்த்து வீசினாள்.

“எங்கப்பா தூக்குச்சட்டியில பாதி தின்ன வாயிதான சித்தப்பா இது? பொணம் கேக்காதுன்னு தைரியமா?”

சோலைமுத்து மெடலைக் குனிந்து எடுத்தார். வண்டிச் சலங்கைச் சத்தம் தெருமுனை தாண்டித் தேயும்வரை அப்படியே நின்றார். பிறகு போய், நாச்சிமுத்துவின் சட்டையில் தானே குத்தினார்.

“மருந்து நமுக்கல தாயி,” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “ரெண்டு தரமும் நல்ல மருந்து. நான்தான் மடியில கட்டி மேல கொண்டாந்தேன். குழியில வச்சது களிமண்ணும் திரியும்.”

“எதுக்கு?”

“அந்தப் பாறைக்கு அங்கிட்டு முப்பதடியில நம்ம தெருக் கெணறு. ரெண்டுக்கும் ஒரே ஊத்து. பாறை பொளந்தா நம்ம தண்ணி அம்புட்டும் அவரு பம்புசெட்டுக்குப் போயிரும்.”

மூக்காயி வாசலைப் பார்த்தாள். சுந்தரம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு, பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்க அந்தக் கிணற்றுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

“எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே.”

“உனக்குத் தெரிஞ்சா நாலு பேருக்குத் தெரியும். நாலு பேருக்குத் தெரிஞ்சா மறுநாளே வேற ஆளு வந்து வேட்டு வச்சிருப்பான். இப்பவும் அதேதான். நம்ம வாயால இந்தாளத் திட்டிக்கிட்டேதான் இருக்கணும்.”

அவள் அப்பன் முகத்தருகே உட்கார்ந்தாள்.

“மேக்குப் பாறையப் பொளந்து விடுன்னு உடையப்பன் சொன்னாரு தாயி,” என்றார் சோலைமுத்து. “உங்கப்பன் பொளக்கல.”