வீட்டுக்கு ஒரு கட்டைவிரல்

செவ்வந்தி பந்தலில் வந்து நின்றபோது அவள் கையில் சாணி இன்னும் காயவில்லை.

அந்தச் சாணிக் கையைத்தான் புருஷன் முகத்துக்கு நேரே விரித்தாள். உள்ளங்கையில் நாலைந்து மாத்திரைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இளஞ்சிவப்பு ஊறி வெளுத்துப்போன மாத்திரைகள்.

"எருக்குழியில கெடந்துச்சி. எருவுக்காய்யா நெஞ்சு வலி?"

வரிசையில் நின்ற ஆம்பளைகள் சிரித்தார்கள். கொளஞ்சியப்பன் சிரிக்கவில்லை. அவன் கட்டைவிரல் பங்காளி தனசேகரனின் பிடியில் இருந்தது. தனசேகரனின் இன்னொரு கையில் ஊசி.

மேசைமேல் மனு விரித்துக் கிடந்தது. படிப்பிலும் வேலையிலும் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்கிற மனு. மையில் வைத்த ரேகையைக் கோட்டையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ரத்தத்தில் வைப்போம் என்று சங்கராபுரத்துக் கூட்டத்தில் முடிவாகியிருந்தது. வீட்டுக்கு ஒருத்தர். பாதி ஊர் வைத்து முடித்து, கட்டைவிரலில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது.

கொளஞ்சியப்பன் கரும்பு வெட்டுகிறவன். போன வெட்டில், கடைசி லோடு ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் சரிந்தான். சேலத்துக்குத் தூக்கிப்போய் அடைப்பை எடுத்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கத்தான் அந்த மாத்திரை. வருஷம் முடிகிறவரை ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும், மறுபடி இங்கே கொண்டுவர நேரம் இருக்காது என்று டாக்டரம்மா செவ்வந்தியைப் பார்த்துத்தான் சொன்னார். அவனிடம் சொல்லிப் புண்ணியமில்லை என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

எல்லாம் டீக்கடையில் கண்ணாயிரம் கிளப்பிவிட்டது. மாத்திரை தின்கிறவன் ரத்தம் தண்ணி, காகிதத்தில் வைத்தால் ரேகை விழாது, வெற்றிலை எச்சில் மாதிரி பரவும், ஊர் மானம் கப்பலேறும் என்றான். மாத்திரையை விட்டுவிட்டுக் கல்வராயன் மலைத்தேனைக் குடி, கெட்டியாகும் என்று வைத்தியமும் சொன்னான்.

அன்றிலிருந்து, அவள் காலையில் கொடுத்த மாத்திரையெல்லாம் அவன் நாக்கடியில் பதுங்கி, மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற சாக்கில் எருக்குழிக்குப் போயிருக்கிறது.

செவ்வந்தி முந்தானை முடிச்சை அவிழ்த்துப் புது மாத்திரையை எடுத்தாள்.

"முழுங்கு."

"சும்மா இருடி. போராட்டம் முடியட்டும். இன்னும் தாலுக்கா இருக்குது, கள்ளக்குறிச்சி இருக்குது. எல்லாத்துலயும் ரேகை வெக்கணும்."

"அதுக்குள்ள நீ பூட்டா, ஒதுக்கீட்டுல எனக்கு வேற புருசன் தருவாங்களா?"

மரத்தடியில் மறுபடி சிரிப்பு. தனசேகரன் ஊசி குத்துவதற்காக மாட்டியிருந்த முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினான். அவளிடம் பேசவில்லை. அவளிடம் அவன் என்றுமே பேசியதில்லை.

"அண்ணே, வூட்டுக்கு அனுப்பு. வூட்டுக்கு ஒருத்தர் ரத்தம் வெச்சிகினு இருக்கிறாங்க. உன் வூடு மட்டும் இல்லன்னா நல்லாவா இருக்கும்?"

கொளஞ்சியப்பன் கட்டைவிரலை இன்னும் முன்னால் நீட்டினான். பேர் கூப்பிடமாட்டார்களா என்று கடைசிப் பெஞ்சில் காத்திருந்த பையனின் முகம் அப்போது அவனுக்கு. மார்பில் ஸ்டென்ட் இருப்பதுகூட அந்த முகத்துக்கு மறந்துபோயிருந்தது.

செவ்வந்திக்கு அந்த முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

புது மாத்திரையை மறுபடி முந்தானையில் முடிந்துவிட்டு, மேசையோரம் குடிக்க வைத்திருந்த குடத்தில் சொம்பை விட்டு மொண்டு, கையைக் கழுவினாள். யாரோ "ஏய்" என்றார்கள். அவள் திரும்பவில்லை.

"வூட்டுக்கு ஒருத்தர் தான? நானும் அந்த வூடுதான்."

தனசேகரன் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கித் தன் கட்டைவிரலில் குத்தினாள். கரும்புச் சோகை அறுத்து அறுத்துக் காய்த்த தோல். முதல் குத்துக்கு மசியவில்லை. இரண்டாவதை ஓங்கிக் குத்தினாள். மனுவில் புருஷன் பேருக்கு நேரே விரலை வைத்து அழுத்தி எடுத்தாள்.

ரேகை வரி வரியாக விழுந்திருந்தது.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

செவ்வந்தி பிறந்தது காலனியில். அவளைக் கூட்டிவந்து தாலி கட்டிய நாளிலிருந்து கொளஞ்சியப்பனை இந்த ஊர் நல்லதுக்கும் கூப்பிட்டதில்லை, கெட்டதுக்கும் கூப்பிட்டதில்லை. மகன் தோளுக்கு மேல் வளர்ந்த பிறகு வந்த முதல் அழைப்பு இந்தக் கட்டைவிரலுக்குத்தான்.

தனசேகரன் மனுவின் மூலையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினான்.

"இத்தக் கிழிச்சிட்டு வேற எழுதிக்கலாம். வெச்சவங்க எல்லாரும் இன்னொருக்கா வாங்கப்பா."

கொளஞ்சியப்பன் அந்த ரேகையையே பார்த்துக்கொண்டு நின்றான். அதன் ஓரத்தில், கழுவியும் போகாத சாணி கொஞ்சம் அப்பியிருந்தது. பிறகு பெண்டாட்டியிடம் கையை நீட்டினான். அவள் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்த மாத்திரையை வாயில் போட்டு, சொம்பில் மிச்சமிருந்த தண்ணியை அண்ணாந்து குடித்தான். அவள் நம்பமாட்டாள் என்று தெரிந்து, நாக்கைத் தூக்கியும் காட்டினான்.

"எழுதிக்கோ தம்பி" என்றான். "அதுல என் வூட்ட எழுதாத."

தனசேகரன் புது ஊசி ஒன்றை எடுத்துக்கொண்டு மரத்தடியைப் பார்த்தான்.

கண்ணாயிரம் முதலில் விரலை மடித்தான். அப்புறம் ஒவ்வொருவராக, பஞ்சு சுற்றிய கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டார்கள்.