பக்கத்து வீட்டுப் புகார்

"போட்டுக் கொடுத்தது நீதானேடா?"

பேட்டரிக்காரர் போட்ட கூச்சலில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு டெய்லர், கழுத்தில் தொங்கிய டேப்போடு திருதிருவென்று விழித்தார்.

பின்னே, கோபம் வராதா? தொழிற்சாலைகளில் கழித்துப் போடுகிற பெரிய பெரிய பேட்டரிகளை வாங்கி வந்து, கொல்லையில் உடைத்து, ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, ஈயத்தை உருக்கி விற்கிற பிழைப்பு அவருக்கு. இன்று காலை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி லாரியோடு வந்து இறங்கிவிட்டார். உலைக்குச் சீல் வைத்தாயிற்று. பேட்டரிகளை ஒன்றுகூடச் சாயாமல் நிமிர்த்தி வைத்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே உடைக்காதீங்க. முழுசா மறுசுழற்சி ஆலைக்கே கொடுத்துடுங்க. அங்கே ஆசிட்டையும் பத்திரமா எடுப்பாங்க. இந்தத் தடவை கேஸ் போடல" என்றார் அதிகாரி.

அதெல்லாம் பேட்டரிக்காரர் காதில் ஏறினால்தானே!

"சொல்லுடா! புகை வருது, புகை வருதுன்னு மூக்கால அழுதவன் நீதானே?"

டெய்லர் பேட்டரிக்காரர் வீட்டு வாசலைப் பார்த்தார். அவர் மனைவி, தோளில் துவண்டு கிடந்த மகளோடு நின்றிருந்தாள். இரண்டு வயசாகியும் பிள்ளை இன்னும் நடக்கவில்லை. ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது, உடைக்கிற வேலையை நிறுத்துங்கள் என்று டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா என்னை என்ன பண்ணிடுச்சாம்?" என்று சிரித்துவிட்டு வந்த மகராசன் இவர்.

"ஆமாண்ணே, நான்தான்" என்றார் டெய்லர்.

"அடப்பாவி! கூட இருந்தே குழி பறிச்சிட்டியே! இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காதே!"

டெய்லர் தலையைக் குனிந்துகொண்டு தையல் மெஷினுக்குப் போய்விட்டார்.

லாரி கிளம்பியது. பேட்டரிக்காரர் பொருமிக்கொண்டே வந்து மகளைத் தூக்கக் கை நீட்டினார். மனைவி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"மொதல்ல குளிச்சு, துணி மாத்திட்டு வாங்க. அந்தத் தூசியோட இவளைத் தொடாதீங்க."

"ஓஹோ, நீயும் ஆரம்பிச்சிட்டியா? எல்லாம் அந்த டெய்லர் பயலால வந்தது..."

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க!" அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "என் வீட்டுக்காரரைப் பிடிச்சுட்டுப் போயிடாதீங்க, என் பிள்ளையை மட்டும் காப்பாத்திக் கொடுங்கன்னு அந்த அண்ணன் போனை வாங்கி அதிகாரிகிட்ட அழுதது நான்தாங்க."