கேமரா யாருக்குச் சொந்தம்?

“எங்க ஊரு ரோடு, எங்க ஊரு கேமரா. அபராதக் காசு மட்டும் எப்படி சார் உங்களுது?” என்றார் மேயர் லொரீன் ஸ்டக்கி.

வெண்டல் கிராம் பெருமூச்சு விட்டார். வேகமாகப் போகும் வண்டிகளைப் படமெடுத்து அபராதம் போடும் ஊர்க் கேமராக்களை மாநில அரசின் பெயருக்கு மாற்றி எழுதும் அதிகாரி அவர். ஒஹாயோ மாநிலத்தின் சோள வயல்களுக்கு நடுவே இந்த வாரம் இது ஆறாவது ஊர். எல்லா ஊரிலும் இதே கேள்வி, இதே தண்ணிக் காபி.

“புதுச் சட்டம்மா. நான் போட்டதில்லை.”

“அந்தக் காசுலதான் ஆம்புலன்ஸ் ஓடுது. அதுவும் போச்சுன்னா, நெஞ்சு வலின்னு விழறவன் நாப்பது மைல் உருண்டுக்கிட்டேதான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“மாநிலம் பார்த்துக்கும்.”

“போன வருஷம் எங்க பாலத்தைப் பார்த்துக்கிட்ட மாதிரியா?”

இடிந்து கிடந்த அந்தப் பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் கிராமும் வந்திருந்தார்.

லொரீன் பிழைப்புக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். மேயர் உத்தியோகம் மிச்ச நேரத்தில். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “சரி, இனிமே வர்றதை எடுத்துக்கங்க. பழைய கணக்கையாவது எங்களுக்கு விட்டுடுங்க.”

பழைய கணக்கு என்றதும் கிராமின் களைப்பு சற்றே விலகியது. மூன்று வருட வசூல். தலைநகரில் யாராவது தன் முதுகைத் தட்டிக்கொடுத்து எத்தனை காலமாயிற்று.

“அதெப்படி விடறது? கேமரா நட்ட நாளிலேர்ந்து மொத்தமும் மாநிலத்துக்கு. வரவு, பொறுப்பு எல்லாம்.”

“பாதி செலவாயிடுச்சே சார்.”

“மிச்சம் போதும். மாநிலத்துக்குப் பெரிய மனசு.”

‘நட்ட நாளிலிருந்து வரவு, பொறுப்பு எல்லாம் மாநிலத்துக்கு’ என்று தன் கையாலேயே ஒப்பந்தத்தில் சேர்த்து எழுதினார். லொரீன் கையெழுத்துப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு பெண்ணை அழவைத்துவிட்டோமே என்று கிராமுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. காகிதத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தார்.

லொரீன் ஆப்பிள் கேக்கில் பெரிய துண்டாக வெட்டித் தட்டில் வைத்து நீட்டினார்.

“உட்கார்ந்து சாப்பிட்டுப் போங்க சார். இனிமே உங்களுக்குச் சாப்பிட நேரம் இருக்காது.”

“ஏன்?”

“கேமராவை எங்க எல்லைக்கு வெளியே நட்டுட்டோம்னு காலையில கோர்ட்டு சொல்லிடுச்சு. அபராதம் கட்டின அத்தனை பேருக்கும், நட்ட நாளிலேர்ந்து, கேமராவுக்குப் பொறுப்பானவங்க முழுக்காசையும் திருப்பித் தரணுமாம். ஆம்புலன்ஸை வித்தாத்தான் முடியும்னு நடுங்கிக்கிட்டிருந்தோம். நல்லவேளை, நீங்க வந்தீங்க.”