இடது தோளில் தொங்கும் சட்டை

ஜார் மன்னருக்காக எங்கள் குதிரைப்படையில் முதன்முதலில் சேர்ந்தவர்கள் ஒரு பனிப்புயலுக்குள் போனார்கள், திரும்பவில்லை. குதிரைகள் மட்டும் அவர்களுடைய கம்பளிச் சட்டைகளைச் சுமந்துகொண்டு வந்தன. அடுத்துச் சேர்ந்தவர்கள் ஆளுக்கொன்றாக அவற்றை இடது தோளில் தொங்கவிட்டுக்கொண்டார்கள். அதுவே சீருடையாகிவிட்டது. சட்டைக்குள் கையை மட்டும் நுழைக்கக் கூடாது. பெண்கள் அதை அழகு என்பார்கள். எனக்கென்னவோ நானே துணி காயப்போடும் கொடியாகிவிட்டது போலத்தான் இருக்கும்.

அன்று பனியில் போகும்போது, பக்கத்தில் வந்த லுக்காவின் உதடுகள் நீலமாகிவிட்டன. கடிவாளம் விரல்களிலிருந்து நழுவியது.

"சட்டையைப் போட்டுக்கோடா, செத்துருவே."

"சார்ஜென்ட் பார்த்தா தோலை உரிச்சிருவாரு."

"உரிக்க உன்கிட்ட என்னடா இருக்கு, எலும்புதானே?"

நானே அவன் கைகளைப் பிடித்துச் சட்டைக்குள் நுழைத்துவிட்டேன். அவன் முகம் மெல்லத் தெளிந்தது.

"எப்படியிருக்கு?"

"கதகதன்னு இருக்கு. உள்ளே யாரோ கையைப் பிடிச்சிருக்காங்கடா. விடமாட்டேங்கிறாங்க."

அவன் குதிரை வரிசையை விட்டு விலகி, ஆளில்லாத பனிவெளியை நோக்கி நடந்தது. கூப்பிட்டேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பெரிய வீரனெல்லாம் இல்லை. துப்பாக்கிச் சத்தத்துக்கே கண்ணை மூடிக்கொள்கிறவன். ஆனாலும் அவனைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை.

என் தோளில் தொங்கிய சட்டைக்குள் கையை நுழைத்தேன்.