சீல் வைத்த வீட்டில் தண்ணீர்
மதிய வெயிலில் பூட்டின் மேல் அரக்கு முத்திரை பளபளக்கிறது. கடனுக்காக வங்கி எடுத்துக்கொண்ட வீட்டுக்குள் ஏதோ குழாய் உடைந்து, கதவுக்கடியில் தண்ணீர் கசிந்து வருகிறது. போன வருஷம் வரை அங்கே குடியிருந்த தையல்காரி வாசலில் நிற்கிறாள். "ஒரு நிமிஷம் திறங்க சார், வால்வை மூடிட்டு வந்துடறேன்." "சீலை நான் உடைக்க முடியாதும்மா," என்கிறார், புகார் கேட்டு வந்த வங்கி அதிகாரி. "அப்ப வித்தாவது தொலைக்கலாமே?" "இப்ப வித்தா பாதி விலைதான் வரும். நஷ்டம் கணக்குல ஏறிடும். விக்காத வரைக்கும் ஏட்டுல பழைய விலை அப்படியே நிக்கும்." "சும்மா கிடக்கறதுக்கு எங்களுக்கே வாடகைக்கு விட்டிருக்கலாமே?" "ஆள் இருந்தா வாங்க வர்றவன் யோசிப்பாம்மா." ஜன்னல் வழியே தெரியும் அறையில் கூரைப் பூச்சு பெயர்ந்து தண்ணீரில் விழுகிறது. அதிகாரி ஷூ நனையாமல் ஒதுங்கிக்கொள்கிறார். "அது பிள்ளைங்க படுக்கற ரூம்," என்கிறாள் அவள், யாரையும் பார்க்காமல்.