காட்டு அவரைப் பூ

தேனீக்கள் அற்றுப்போன பிறகு, முதுகுளத்தூர் பக்கத்து வெயிலைத் தாங்கி வளர்ந்தது ஆப்பிரிக்கக் காட்டு அவரை ஒன்றுதான். அதன் ஊதாப் பூக்களையும் சமைத்துத் தின்னலாம் என்பார்கள். ஆனால் யாரும் தின்றதில்லை. ஒவ்வொரு பூவையும் மனிதர்களே தூரிகையால் தொட்டு மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைத்தார்கள். பூவைப் பறித்தால் கோடைக்குப் பயறு இருக்காது.

சேவுகனும் மனைவி இருளாயியும் அப்படித்தான் தங்கள் கொடிகளைக் காய்க்க வைத்துச் சாப்பிட்டுவந்தார்கள். மழைக்காலத்தில் இருளாயி படுக்கையில் விழுந்தாள். டாக்டர் கைவிரித்துவிட்டு அவளை வீட்டுக்கே கூட்டிப்போகச் சொன்ன அன்று, சேவுகன் மடி நிறையப் பூப் பறித்து, வெங்காயம் போட்டு வதக்கிக் கொண்டுவந்தான்.

இருளாயி தட்டைப் பார்த்துப் பதறினாள்.

"இம்புட்டுப் பூவயுமா பறிச்சீக? கோடைக்கு என்னத்தத் திங்கிறது?"

"கொடியில மிச்சம் கெடக்கு. எனக்கு அது போதும்."

சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்தது என்னவென்று அவனுக்கு உறைத்தது. இருளாயி கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உக்காருங்க. நீங்களும் ஒரு வாய் தின்னுங்க. இது என்ன ருசின்னு நீங்களுந்தான் பாத்ததில்லையே."